சிப்பாயின் மௌனம் யாரைக் காக்கிறது?

2019 அக்டோபர் 18. கொலம்பியத் தலைநகர் பொகொட்டாவில், ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு எதிரே இருந்த சுவரில் சில ஓவியர்கள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ராணுவ உயரதிகாரிகள் ஐந்து பேரின் முகங்கள், 5,763 என்று ஓர் எண், தலைப்பாக ஒரு கேள்வி: 'உத்தரவு போட்டது யார்?' வேலை முடிவதற்குள் சீருடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முகங்கள், எண், கேள்வி எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள்.

அடித்தும் பயனில்லை. ஓவியத்தின் படம் நாடெங்கும் பரவியது. ஊர் ஊராகச் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. படத்தில் இருந்த அதிகாரிகளில் இருவர், தங்கள் நற்பெயர் கெடுகிறது என்று நீதிமன்றம் போனார்கள். 2021இல் கொலம்பிய அரசமைப்பு நீதிமன்றம் ஓவியத்தின் பக்கம் நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் கேள்வி கேட்பதற்கு அந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அது சொன்னது.

சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்ன அந்தப் புத்தி கொலம்பியாவுக்கு மட்டும் உரியதல்ல. போர் ஓய்ந்த நாடு எதுவானாலும் அங்கே இந்தப் பேச்சு கேட்கும்: 'நடந்தது நடந்துவிட்டது. பழைய புண்ணைக் கிளறாதீர்கள். சண்டை போட்டவர்களைக் கூப்பிட்டு என்ன செய்தாய் என்று கேட்டால் படையின் மானம் போகும், வெறுப்பு வளரும், கைகூடிய சமாதானமும் கைநழுவும்.' சொல்பவர்கள் எல்லாரும் கையில் ரத்தக்கறை உள்ளவர்கள் அல்லர். போரில் அலுத்துப்போன ஆசிரியர்கள், பாதிரியார்கள், பத்திரிகை ஆசிரியர்கள், நல்லெண்ணம் கொண்ட வெளிநாட்டுத் தூதர்கள் என்று பலரும் இதை உண்மையாகவே நம்புகிறார்கள். நல்லவர்கள் நம்புவதாலேயே இந்தக் கருத்து இவ்வளவு காலம் மரியாதையோடு உலவுகிறது. ஆனால் இது தவறு. நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்டுத் தோற்றுப்போன தவறு. அந்தச் சோதனை வேறெந்த இடத்தையும்விடத் தெளிவாக நடந்திருப்பது கொலம்பியாவில்தான்.

பிணத்துக்குப் பரிசு

அரை நூற்றாண்டுக்கு மேல் கொலம்பிய அரசும் ஃபார்க் கெரில்லாப் படையும் போரிட்டன. 2000களில் ராணுவத்தின் வெற்றி, கொல்லப்பட்ட கெரில்லாக்களின் தலைக்கணக்கில் அளக்கப்பட்டது. கணக்குக் காட்டிய படைப்பிரிவுகளுக்கு விடுப்பு, பதக்கம், பதவி உயர்வு கிடைத்தன. 2005 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் பிறப்பித்த 29ஆம் எண் உத்தரவு, கொல்லப்படும் அல்லது பிடிபடும் ஆயுதக்குழுவினருக்குத் தரவாரியாகப் பணப் பரிசு நிர்ணயித்தது. கெரில்லா கிடைக்காத இடத்தில் அப்பாவிகள் கெரில்லாக்கள் ஆக்கப்பட்டார்கள். வேலை தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போன வேலையில்லா இளைஞர்கள், வயலிலிருந்து இழுத்துவரப்பட்ட விவசாயிகள், தெருவில் படுத்துக் கிடந்தவர்கள், பழங்குடியினர் ஆகியோர் சுட்டுக் கொல்லப்பட்டுச் சீருடை மாட்டப்பட்டு 'சண்டையில் செத்தவர்கள்' என்று அறிக்கையில் ஏறினார்கள். கொலம்பியர்கள் இதைப் 'போலி வெற்றிகள்' என்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்குப் போலி என்கவுன்ட்டர் என்றால் போதும். சுவரில் எழுதிய எண் இந்தக் கொலைகளின் கணக்கு.

2008இல் பொகொட்டாவை ஒட்டிய சோவாச்சா நகரிலிருந்து காணாமல்போன இளைஞர்களின் உடல்கள், சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பால் ஒகான்யா பகுதியில் கிடைத்தன. அதில் ஒருவருக்கு வயது 26. மனவளர்ச்சியோ ஒரு சிறுவனுக்கு உரியது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மகனை, ஆயுதக்குழு ஒன்றின் தலைவன் என்று தாயிடம் சொன்னார்கள். உடலருகே எடுத்த படத்தில் துப்பாக்கி வலக்கையில் இருந்தது. அவருக்கு இடக்கைப் பழக்கம். இப்படிப்பட்ட வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்த தடயங்கள் வேறும் உண்டு. உடலில் குண்டு பாய்ந்திருக்கும், மேலே போட்ட சீருடையில் ஓட்டை இருக்காது. ரப்பர் பூட்ஸ் இடது வலது மாறி மாட்டப்பட்டிருக்கும்.

அந்த இளைஞர்கள் காப்பி பறிக்கப் போனவர்கள் அல்லர், குற்ற நோக்கத்தோடு போனவர்கள் என்று அன்றைய அதிபர் ஆல்வரோ உரிபே 2008 அக்டோபரில் பேசினார். அதே மாதக் கடைசியில், மூன்று ஜெனரல்கள் உட்பட 27 ராணுவத்தினரை அவரே பதவிநீக்கம் செய்ய நேர்ந்தது. அடுத்த மாதம் தரைப்படைத் தளபதி மரியோ மொன்தோயா பதவி விலகினார்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒருவர் இருக்கிறார். சோவாச்சா இளைஞர்கள் கொல்லப்படுவதற்கு முன்பே, 2007 இறுதியில், ஒகான்யா வட்டாரத்தில் இயங்கிய 15ஆம் நடமாடும் படையணியைச் சேர்ந்த ஒரு சார்ஜன்ட், தன் பிரிவினர் பொதுமக்களைக் கொன்று கணக்குக் காட்டுகிறார்கள் என்று மேலிடத்தில் புகார் கொடுத்தார். சில வாரங்களில் அவர் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒரு சிப்பாயின் வாயை அடைத்ததன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் சோவாச்சாவுக்குப் போய்ப் பார்க்கலாம். அந்தப் புகாரை அன்று எடுத்து விசாரித்திருந்தால், அடுத்த சில மாதங்களில் வேலை ஆசை காட்டிப் பேருந்தில் ஏற்றப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருப்பார்கள்?

ஒகான்யாவில் இரண்டு நாள்

2016 நவம்பரில் அரசும் ஃபார்க்கும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி உண்மை ஆணையம் ஒன்று, காணாமல்போனவர்களைத் தேடும் பிரிவு ஒன்று, அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் ஒன்று உருவாயின. சிறப்பு நீதிமன்றத்தின் ஏற்பாடு எளிமையானது. முழு உண்மையைச் சொல்லிப் பொறுப்பேற்பவருக்கு 5 முதல் 8 ஆண்டுகள் வரை சிறைக்கு வெளியே தண்டனை. நடமாட்டக் கட்டுப்பாட்டோடு பாதிக்கப்பட்டோருக்கு ஈடுசெய்யும் வேலைகளைச் செய்ய வேண்டும். மறுத்து, பிறகு குற்றம் நிரூபிக்கப்பட்டால் 20 ஆண்டுகள் வரை சிறை. ராணுவம், கெரில்லா இரு தரப்புக்கும் ஒரே சட்டம்.

2021 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் ஓர் எண்ணை வெளியிட்டது: 2002 முதல் 2008 வரை மட்டும் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 6,402 பேர். அரசு வழக்குத்துறையின் பழைய கணக்கில் 1988 தொடங்கி 2014 வரைக்குமே 2,248தான் இருந்தது. உரிபே இந்தப் புது எண்ணை ஏற்கவில்லை. ஆனால் எண்ணோடு நிற்காமல் ஆட்களும் வந்தார்கள்.

2022 ஏப்ரல் 26, 27 தேதிகளில் ஒகான்யா நகரில் ஒரு பொது விசாரணை நடந்தது. ஒரு ஜெனரல், சில கர்னல்கள் உட்பட முன்னாள் ராணுவத்தினர் பத்துப் பேரும், ஆள்பிடித்துக் கொடுத்த பொதுமகன் ஒருவரும், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் எதிரே உட்கார்ந்தார்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் 120 கொலைகள் அவர்கள் மீதான குற்றச்சாட்டு. ஒரு முன்னாள் கார்ப்பரல் எழுந்தார். பொய் சொல்லிக் கூட்டிவந்ததையும், கோழைத்தனமாகச் சுட்டதையும், உடலருகே ஆயுதத்தை வைத்துக் கெரில்லா என்று பெயர் சூட்டியதையும் தன் வாயால் சொன்னார். கொல்லப்பட்டவர்கள் எளிய விவசாயிகள் என்பதை எல்லார் முன்னாலும் தெளிவுபடுத்த விரும்புவதாகச் சொன்னார். எதிரே இருந்த பெண்களில் சிலர் அழுதார்கள், சிலர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மன்னிக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு.

'பழைய புண்ணைக் கிளறாதே' என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அந்தத் தாய்மாரின் புண் எப்போது ஆறியிருந்தது? பதினான்கு ஆண்டுகளாக ஊரும் உறவும் அவர்களைக் கெரில்லாவைப் பெற்றவர்கள் என்றுதான் பார்த்தன. செத்த மகனின் பெயரில் அரசு ஆவணத்தில் ஒரு பொய்க் குற்றம் எழுதப்பட்டிருந்தது. அதை அழிக்கத் தாயின் கண்ணீர் போதவில்லை. மனித உரிமை அமைப்புகளின் அறிக்கை போதவில்லை. 2009இல் வந்து விசாரித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டனின் கண்டனமும் போதவில்லை. 'உன் மகன் கெரில்லா இல்லை, நான்தான் அப்படி ஆக்கினேன்' என்று சொல்ல சுட்டவனால் மட்டுமே முடியும். இதை வேறு யாரும் அவனுக்குப் பதிலாகச் செய்ய முடியாது.

உடல்களின் கதையும் அப்படித்தான். அந்தியோகியா மாநிலத்தின் தபேய்பா ஊரில் லாஸ் மெர்செதெஸ் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எத்தனையோ வருடம் அங்கே ஊர்க்காரர்கள் தங்கள் இறந்தவர்களுக்கு மலர் வைத்துப் போனார்கள். ஒரு முன்னாள் சிப்பாய் கொடுத்த வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டு 2019 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றத்தின் தடயவியல் குழு அங்கே தோண்டத் தொடங்கியது. பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். 2002இல் காணாமல்போன ஒரு விவசாயியின் எலும்புகள் 2020 பிப்ரவரியில் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டன. எந்த வரைபடத்திலும் இல்லாத குழியைக் காட்டியது, அதைத் தோண்டியவர்களோடு இருந்த ஒருவனின் நினைவு.

படையின் மானம்

இரண்டாவது வாதம் மானத்தைப் பற்றியது. சிப்பாய் வாயைத் திறந்தால் ராணுவம் நொறுங்கிவிடுமாம். 1995இல் அர்ஜென்டினாவின் முன்னாள் கடற்படை அதிகாரி அதோல்ஃபோ சிலிங்கோ, மயக்க ஊசி போட்ட கைதிகளை விமானத்திலிருந்து உயிரோடு கடலில் தள்ளிய பயணங்களில் தானும் இருந்ததாகப் பத்திரிகையாளர் ஒராசியோ வெர்பித்ஸ்கியிடம் ஒப்புக்கொண்டபோது அங்கேயும் இதே கூக்குரல் எழுந்தது. சில வாரங்களில், ஏப்ரல் 25 அன்று, தரைப்படைத் தளபதி மார்ட்டின் பால்சா தொலைக்காட்சியில் தோன்றி ராணுவத்தின் தவறுகளை ஒப்புக்கொண்டார். அறம் மீறிய உத்தரவுக்கு யாரும் கீழ்ப்படியத் தேவையில்லை என்று அறிவித்தார். அர்ஜென்டின ராணுவம் நொறுங்கவில்லை. 1983இல் திரும்பிய மக்களாட்சியும் அங்கே இன்றுவரை அறுபடவில்லை.

கொலம்பிய ராணுவத்தில் எல்லாருமா கொலை செய்தார்கள்? இல்லை. மறுத்தவர்கள் இருந்தார்கள், புகார் கொடுத்தவர்கள் இருந்தார்கள், அதற்காக வேலை இழந்தவர்கள் இருந்தார்கள். மௌனம் இவர்களைத்தான் முதலில் விழுங்குகிறது. எல்லார் வாயும் மூடியிருக்கும்போது, சுட்டவனும் சுட மறுத்தவனும் ஒரே சீருடையில் ஒரே சந்தேகத்தோடு நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் செய்ததைச் சொன்னால்தான் செய்யாதவன் தலைநிமிர்ந்து நடக்க முடியும். ராணுவத்தின் மானத்தைப் பற்றி உண்மையான அக்கறை உள்ளவர்கள் விசாரணையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மௌனம் அடுத்த குற்றத்துக்கும் இடம் கொடுக்கிறது. 2019 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. கொல்லப்படுவோர், பிடிபடுவோர், சரணடைவோர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று கொலம்பிய ராணுவத் தலைமை அதிகாரிகளுக்கு எழுத்தில் இலக்கு வைத்திருந்தது. பழைய கொலைகள் திரும்பிவிடுமோ என்று அஞ்சிய அதிகாரிகளே இதை வெளியே சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. பேசியது யார் என்று ராணுவத்துக்குள்ளேயே வேட்டை நடப்பதை 'செமானா' இதழ் அம்பலப்படுத்தியது. அப்போது தரைப்படைத் தளபதியாக இருந்தவரின் முகம், அந்த அக்டோபரில் சுவரில் வரையப்பட்ட ஐந்து முகங்களில் ஒன்று. தலைக்கணக்கு கேட்டு வாங்கிய பழக்கம் ஏன் பத்தே வருடத்தில் எழுந்து வந்தது? அதற்கு உத்தரவு போட்டவர்கள் பெயர் அதுவரை எந்தத் தீர்ப்பிலும் முழுதாக எழுதப்படவில்லை என்பதால்.

'ஒரு சில அழுகல்கள்' என்ற சமாதானத்தையும் வாக்குமூலங்களே உடைத்தன. கார்ப்பரல் சார்ஜன்ட்டைக் காட்டினார், சார்ஜன்ட் மேஜரை, மேஜர் கர்னலை. தண்டனைக் குறைப்பு ஆசை காட்டினால் சிப்பாய் எதையும் சொல்வானே என்ற ஐயம் நியாயமானது. அதனால்தான் அங்கே வாக்குமூலம் மட்டும் போதாது. ராணுவத்தின் சொந்தப் பதிவேடுகள், மற்றவர்களின் சாட்சியம், தோண்டியெடுத்த எலும்பு எல்லாவற்றோடும் ஒப்பிட்ட பிறகே நீதிபதிகள் ஏற்கிறார்கள். பாதிக்கப்பட்டோர் எழுப்பும் கேள்விக்குப் பதில் தராதவர் முழு உண்மை சொன்னவராகக் கருதப்படுவதில்லை. மேலே போகப் போகத்தான் வாய்கள் திறக்க மறுக்கின்றன. 2023 ஆகஸ்டில் 130 கொலைகளுக்காகக் குற்றம்சாட்டப்பட்ட மொன்தோயா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சிறிய சிப்பாய் பேசிவிட்டார், பெரிய தளபதி பேசவில்லை. 'படையின் மானம்' யாருக்குத் திரையாகத் தொங்குகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒரு தரப்பின் கதை மட்டும் அல்ல

இதெல்லாம் ராணுவத்தைக் குறிவைக்கும் இடதுசாரிச் சதி என்று கொலம்பியாவில் பலர் பேசினார்கள். 2022 ஜூனில் இதே நீதிமன்றத்தின் முன் ஃபார்க்கின் முன்னாள் தலைவர் ரோட்ரிகோ லொந்தோன்யோவும் அவருடைய கூட்டாளிகளும் உட்கார்ந்தார்கள். ஆட்கடத்தலைப் புரட்சியின் பெயரால் இத்தனை காலம் நியாயப்படுத்தியவர்கள், கடத்தப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்து அது குற்றம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கில் நீதிமன்றம் கண்டறிந்த பாதிக்கப்பட்டோர் 21,396 பேர். 2025 செப்டம்பரில் முதல் தீர்ப்புகள் வந்தபோது, ஒரே வாரத்தில் இரு தரப்பும் தண்டிக்கப்பட்டன: ஃபார்க்கின் கடைசித் தலைமைக் குழுவில் ஏழு பேர், லா போப்பா படைப்பிரிவின் முன்னாள் ராணுவத்தினர் பன்னிரண்டு பேர்.

இந்தத் தண்டனைகள் போதாது என்று சில தாய்மார்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. வாக்குமூலம் கேட்கப்பட்டதாலேயே மன்னிப்பும் கிடைத்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொலையாளி அழுதான் என்பதற்காக அவனைக் கட்டித் தழுவும்படி தாயை நிர்ப்பந்திப்பது இன்னொரு கொடுமை. சிப்பாயின் சாட்சியம் தரக்கூடியது உண்மை. சமரசம் வருமா வராதா என்பது பாதிக்கப்பட்டவர் கையில்.

சரி, இத்தனை பேர் பேசியதால் கொலம்பியாவில் போர் மீண்டதா? அந்த நாட்டில் வன்முறை ஓயவில்லை என்பது உண்மை. ஆயுதத்தைக் கைவிட்ட முன்னாள் ஃபார்க் உறுப்பினர்கள் நானூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கொக்கெய்ன் பணத்துக்கும் நிலத்துக்கும் புதிய ஆயுதக்குழுக்கள் அடித்துக்கொள்கின்றன. ஆனால் இவற்றில் ஒன்றுகூட, ஒகான்யாவில் ஒரு கார்ப்பரல் அழுததால் வந்ததல்ல. ஒப்பந்தத்தில் எழுதியபடி கிராமங்களுக்கு நிலமும் பாதுகாப்பும் போய்ச் சேராததால் வந்தது.

உண்மையைப் பேசவிடாமல் செய்ய அங்கேயும் முயற்சி நடந்தது. 2019இல் தேசிய வரலாற்று நினைவு மையத்தின் தலைவராக தாரியோ அசேவேதோ அமர்த்தப்பட்டார். நாட்டில் நடந்தது உள்நாட்டுப் போர் என்பதையே ஏற்க மறுத்து எழுதியவர் அவர். பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சில, மையத்திடம் கொடுத்திருந்த தங்கள் ஆவணங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டன. 2020 தொடக்கத்தில் நினைவுத் தலங்களின் உலகக் கூட்டமைப்பு மையத்தின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அங்கே தயாரான கண்காட்சியின் உள்ளடக்கத்தை மாற்றாமல் காக்க சிறப்பு நீதிமன்றம் தடை உத்தரவு போட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில், கொல்லப்பட்ட பிள்ளைகளின் நினைவாகத் தாய்மார்கள் வண்ணம் தீட்டி நாடாளுமன்றம் அருகே வைத்திருந்த ரப்பர் பூட்ஸ்களை ஓர் உறுப்பினர் குப்பைப் பையில் அள்ளிப் போட்டார்.

மௌனத்தால் சமாதானம் கண்ட நாடு என்று ஸ்பெயினைக் காட்டுவார்கள். 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. பிராங்கோ காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று கட்சிகள் கைகுலுக்கிக்கொண்டன. 2000இல் ஒரு பத்திரிகையாளர், 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட தன் தாத்தாவைத் தேடிப் பிரியாரன்சா என்ற சிற்றூரில் தோண்டினார். பதின்மூன்று உடல்கள் கிடைத்தன. அதன் பிறகு தோண்டுவது நிற்கவே இல்லை. ஆனால் சுட்டவர்களும் பார்த்தவர்களும் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் அடையாளமில்லாத குழிகளில் கிடப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஸ்பெயின் மறக்கவில்லை. சாட்சிகள் சாகும்வரை காத்திருந்தது, அவ்வளவுதான்.

வடக்கு அயர்லாந்தில் வேறொரு பாடம். அங்கே முன்னாள் ஆயுததாரிகள், இறந்த பிறகே வெளியிடப்படும் என்ற வாக்குறுதியை நம்பி பாஸ்டன் கல்லூரியின் ஆய்வுத் திட்டத்துக்குப் பேசினார்கள். 2011இல் காவல்துறை கேட்டு, ஒலிநாடாக்கள் நீதிமன்றம் ஏறின. கல்லூரி கொடுத்த வாக்குறுதிக்குச் சட்டத்தின் பின்பலம் இல்லை. பேசியவர்கள் ஆபத்தில் சிக்கினார்கள். இதைக் காட்டி 'பார்த்தீர்களா, பேசினால் வினை' என்கிறார்கள். வினை வந்தது பேச்சால் அல்ல, பேச்சைத் தாங்கும் சட்டம் இல்லாததால்.

செம்மணி

தமிழ் வாசகர்கள் இந்த விவாதத்தைத் தூரதேசத்து விவகாரமாக எண்ண முடியாது. 1996 செப்டம்பரில் யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச்சாவடியில் மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்; அவரைத் தேடிப் போன தாய், தம்பி, அயலவர் ஆகியோரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 1998 ஜூலையில் மரண தண்டனை பெற்ற லான்ஸ் கார்ப்பரல் சோமரத்ன ராஜபக்ச, கொழும்பு நீதிமன்றத்தில் நின்று, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். மேலதிகாரிகளின் பெயர்களையும் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிலர் கைதுசெய்யப்பட்டுப் பிணையில் போனார்கள். வழக்கு அதற்கு மேல் நகரவில்லை.

ஒகான்யாவில் நடந்ததற்கும் கொழும்பில் நடந்ததற்கும் உள்ள தூரம் இதுதான். இரண்டு இடத்திலும் சிப்பாய் பேசினார். ஓரிடத்தில் அவருடைய சொல்லைப் பிடித்துக்கொண்டு நீதிபதிகள் மேலே ஏறினார்கள். மற்ற இடத்தில் சொல்லை அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். 2025இல் அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில், கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோது எலும்புகள் தட்டுப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் அதில் இருந்தன. ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. இவர்கள் யார், யாரால் எப்போது புதைக்கப்பட்டார்கள் என்று சொல்லும் கடமை விசாரணைக்கு இருக்கிறது. 1998இல் ஒரு சாட்சி வலியச் சொன்னதை அன்றே முழுமையாகத் தொடர்ந்திருந்தால், இன்று குழியின் ஓரத்தில் நிற்கும் தாய்மாரில் பலருக்கு இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திருக்காது.

இலங்கையின் ஆட்சியாளர்களோ, போர் வீரர்களை நீதிமன்றத்தில் நிறுத்த விடமாட்டோம் என்பதைச் சமாதானத்தின் பெயரால் சொல்லி வந்திருக்கிறார்கள். மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற சிப்பாயின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதிபர் கோத்தபாய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். உண்மைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட மன்னிப்பு அல்ல அது. எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று மற்ற சிப்பாய்களுக்கு அனுப்பப்பட்ட செய்தி.

தமிழர் தரப்பிலும் இதே நோய் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாகாது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் இறந்த பிறகு 2016இல் வெளிவந்தது. இயக்கத்தை உள்ளிருந்து விமர்சித்த அந்த நூலை எதிர்கொண்டவர்களில் பலர், அவர் சொன்னது சரியா தவறா என்று பார்க்கவில்லை. இதை அவர்தான் எழுதினாரா, யாருக்காக எழுதினார் என்று தேடினார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டது, போரின் கடைசிக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிடித்துப்போகப்பட்டது ஆகியவற்றை உள்ளிருந்து சொல்லக்கூடியவர்கள் முன்னாள் போராளிகள். போருக்குப் பின் புனர்வாழ்வு முகாம்களில் அடைக்கப்பட்ட பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் உளவுக்காக விசாரணை நடந்தது. உண்மைக்காக யாரும் அவர்களை உட்காரவைத்துக் கேட்கவில்லை. வெளியே வந்தவர்களுக்கு ஒரு பக்கம் புலனாய்வுத் துறையின் கண், மறுபக்கம் துரோகிப் பட்டம். ராணுவச் சிப்பாய் பேச வேண்டும் என்று கேட்கும் சமூகம், தன் போராளியின் வாயை மூடிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

செய்ய வேண்டியது என்ன என்பது தெரியாத விஷயமல்ல. முழு உண்மை சொல்பவருக்கும் மறைப்பவருக்கும் தண்டனையில் தெளிவான வேறுபாடு வைக்கும் சட்டம் வேண்டும். அது சீருடைக்கும் இயக்கத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பேசுபவரின் குடும்பத்துக்குக் காவல் வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை பாதிக்கப்பட்டோர் கையில் இருக்க வேண்டும். சாட்சியத்தோடு ஒப்பிட ராணுவத்தின் பதிவேடுகள் திறக்கப்பட வேண்டும். 2015இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் உண்மை ஆணையமும் சிறப்பு நீதிமன்றமும் அமைப்பதாக ஒப்புக்கொண்டு, 2020இல் பின்வாங்கியது இலங்கை அரசு. செம்மணியில் எலும்புகள் வெளிவந்த 2025ஆம் ஆண்டில், சர்வதேச விசாரணை நடந்தால் சாட்சி சொல்லத் தயார் என்று சோமரத்ன ராஜபக்சவின் தரப்பிலிருந்து அவர் மனைவி மூலம் செய்தி வந்தது. பல பத்தாண்டுகளைச் சிறையில் கழித்துவிட்ட மனிதர் அவர். அவர் 1998இல் சொன்ன பெயர்களையும் இடங்களையும் நீதிபதி ஒருவர் முன் மறுபடி முறையாகப் பதிவுசெய்வதே கொழும்பு உடனடியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.